மாவட்ட அளவுல மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு மென்டரிங் நாள் நடத்துறது எப்படி: முதல் போன்காலில் இருந்து 90வது நாள் வரைக்கும்

திண்டுக்கல் பக்கம் நாங்க ஏழெட்டு பேர் சேர்ந்து இதைச் சில தடவை நடத்திட்டோம், அக்கம்பக்கத்து மாவட்டங்கள்ல புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு கூடமாட நின்னும் பாத்திருக்கோம். எல்லாருமே ஒரே இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. முதல்ல ஹாலை புக் பண்ணிடறாங்க, அடுத்து சிறப்பு விருந்தினர்கிட்ட தேதி வாங்கிடறாங்க, பேனர் அடிக்கக் கொடுத்துடறாங்க, கடைசியாத்தான் யார் வரப்போறாங்க, அவங்களுக்கு என்ன வேணும்னு யோசிக்கிறாங்க. அதுக்குள்ள எதையும் மாத்த முடியாத நிலைமை வந்துடுது.

இங்க நான் சொல்றது வேலைவாய்ப்பு முகாம் பத்தி இல்ல, அதை மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸே நடத்துது. இது வேற. ஒரு வேலைல நிலைச்சு நிக்கிற ஒருத்தர் (இவரைத்தான் மென்டர்னு சொல்றேன்), அதே வழில வர நினைக்கிற ரெண்டு மூணு பேரோட உக்காந்து, நான் இப்படித்தான் வந்தேன், இங்க இங்க சிக்கினேன், நீ இதைப் பண்ணுன்னு சொல்லி, அதுக்கப்புறமும் மூணு மாசம் தொடர்புல இருக்கிறது. முதல் தடவைக்கு 25 பேர், 10 மென்டர், ஒரே நாள், தயாரிப்புக்கு 8 வாரம். இந்த அளவை வெச்சுத்தான் கீழ எழுதியிருக்கேன்.

1. ஆரம்பிக்கும் முன்னாடி கைல என்ன இருக்கணும்

முடிவெடுக்கிற குழுவுல குறைஞ்சது பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளா இருக்கணும். உதவிக்கு நிக்கிற இடத்துல வெச்சுட்டுப் போறது பத்தாது, தேதி, இடம், காசு மூணையும் முடிவு பண்ற இடத்துல அவங்க இருக்கணும். ஏன்னா வீல்சேர்ல வர்றவர் குழுவுல இருந்தா முதல் நாளே டாய்லெட் பத்தி கேட்டுடுவார், இல்லன்னா நிகழ்ச்சி அன்னைக்கு மத்தியானம்தான் நமக்கு ஞாபகம் வரும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு லெட்டர், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒரு லெட்டர், ரெண்டையும் முதல் வாரமே நேர்ல போய் கொடுத்துடுங்க. இதனால மூணு லாபம். அரசு கட்டிடம் வாடகை இல்லாம கிடைக்க வாய்ப்பு உண்டு, அரசு வேலைல இருக்கிற மென்டர்கள் மேலதிகாரிகிட்ட காட்ட ஒரு கடிதம் வாங்கிக்கலாம், அதோட பெத்தவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். யாரோ போன் பண்ணி வேலை சம்பந்தமா கூப்பிடறாங்கன்னா இப்ப எல்லாருமே பயப்படறாங்க, பயப்படறதுல நியாயமும் இருக்கு, வேலை வாங்கித் தர்றேன்னு சொல்லி மாற்றுத்திறனாளி குடும்பங்ககிட்ட காசு பிடுங்கினவங்க நிறைய.

ஒரு தனி சிம், அதுல வாட்ஸ்அப். யாரோட சொந்த நம்பரும் வேணாம், ஏன்னா நிகழ்ச்சி முடிஞ்சும் மாசக்கணக்குல போன் வரும், அதை மாத்தி மாத்தி ஆள் எடுக்கணும்.

காசு விஷயத்துல முன்னுரிமை இதுதான்: போக்குவரத்து, சைகை மொழி பெயர்ப்பாளர், சாப்பாடு, மென்டர்களுக்கு ஒரு சின்னத் தொகை. இது நாலும் முடிஞ்சு மிச்சம் இருந்தாத்தான் பேனர். சால்வை, ஷீல்டு, மேடை அலங்காரம் எதுவும் வேணாம். ஸ்பான்சர் யாராவது தையல் மெஷின் கொடுக்கிறேன் மேடைல வெச்சு போட்டோ எடுத்துக்கலாம்னு வந்தா, நன்றி சொல்லி வேற ஒரு நாளைக்கு வெச்சுக்கச் சொல்லிடுங்க. பொருள் கொடுக்கிற நிகழ்ச்சின்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அடுத்த தடவை எல்லாரும் பொருளுக்காகத்தான் வருவாங்க, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம் ஒரு இன்ச் டேப். அது எதுக்குன்னு இடம் பாக்குற பகுதில வரும்.

2. யாருக்குன்னு சுருக்கிக்கோங்க

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 21 வகை மாற்றுத்திறன் இருக்கு. முதல் தடவையே எல்லாரையும் கூப்பிட்டா யாருக்குமே ஒழுங்கா செய்ய முடியாது. ரெண்டு இல்ல மூணு பிரிவை எடுத்துக்கோங்க, உதாரணமா பார்வை இல்லாதவங்க, கை கால் பாதிப்பு உள்ளவங்க, காது கேட்காதவங்க. மத்தவங்களுக்கு அடுத்த தடவைன்னு நோட்டீஸ்லயே தெளிவா போட்டுடுங்க. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவங்களுக்கு நடத்தணும்னா அதோட வடிவமே வேற, பேச்சைக் குறைச்சு வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிட்டுப் போய் செஞ்சு பாக்க வைக்கணும், அதைத் தனியாத்தான் செய்யணும்.

பிரிவை விட முக்கியம் ஒண்ணு இருக்கு, வாழ்க்கைல எந்தக் கட்டத்துல இருக்காங்கன்றது. காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற பொண்ணுக்கும், டிகிரி முடிச்சு ஆறு வருஷமா வீட்டுல இருக்கிறவருக்கும், பதினஞ்சு வருஷம் மில்லுல வேலை பாத்துட்டு பைக் விபத்துல கால் போனவருக்கும் ஒரே பேச்சு செல்லாது. மூணாவது ஆளுக்கு வேலை தெரியும், உடம்புதான் புதுசு. அவருக்கு வேண்டியது அதே தொழில்ல உக்காந்து பாக்கற வேலைக்கு எப்படி மாறுறதுன்னு சொல்ற ஆள்.

3. ஹாலுக்கு முன்னாடி போன்

பேர் கொடுத்த ஒவ்வொருத்தர்கிட்டயும் 20 நிமிஷம் பேசுங்க. கூகுள் ஃபார்ம் மட்டும் அனுப்பி விட்டுடறதுதான் புதுசா நடத்துறவங்க செய்ற பெரிய தப்பு. ஃபார்ம்ல எல்லாரும் "எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லை"ன்னு எழுதிடுவாங்க. பல வருஷமா யாரும் கேக்காத கேள்வியை திடீர்னு கேட்டா வேற என்ன எழுதுவாங்க.

அதனால அந்தக் கேள்வியை நேரா கேக்காதீங்க. "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன பண்ணீங்க"ன்னு கேளுங்க. ஒரு தம்பி, கால் நடக்க வராது, சும்மாதான் இருக்கேண்ணான்னு ஆரம்பிச்சான், பேசப்பேச தெரு முழுக்க இருக்கிறவங்களுக்கு கேஸ் புக் பண்றது, கரண்ட் பில் கட்டறது, பட்டா டவுன்லோட் பண்ணிக் கொடுக்கிறது எல்லாம் அவன்தான்னு தெரிஞ்சுது. காசு வாங்கறதில்ல, அவ்வளவுதான். அவனை இ-சேவை மையம் வெச்சிருக்கிற ஒருத்தரோட உக்கார வெச்சோம். அந்த ஒரு கேள்வி கேக்கலன்னா டேட்டா என்ட்ரின்னு எழுதிட்டுப் போயிருப்போம்.

அடுத்த கேள்வி, "யார் வேலையைப் பாத்து நமக்கும் இது கிடைச்சா நல்லாருக்குமேன்னு தோணுச்சு?" இதுக்கு வர்ற பதிலை அப்படியே எழுதி வைங்க, ஜோடி சேர்க்கும்போது இதுதான் உதவும்.

அப்புறம் நடைமுறைக் கேள்விகள். எதுல வருவீங்க, கூட யார் வருவாங்க, வீல்சேரா ஊன்றுகட்டையா கேலிப்பரா (காலுக்குப் போடற தாங்கி), காகிதத்துல கொடுத்தா படிக்க முடியுமா இல்ல வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பணுமா, மாத்திரை நேரம் உண்டா, எவ்வளவு நேரம் தொடர்ந்து உக்கார முடியும். மெடிக்கல் ஹிஸ்டரி கேக்காதீங்க, சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் வாங்காதீங்க. உங்களுக்கு அது எதுக்கும் பயன்படாது, ஆனா தொலைஞ்சா அவங்களுக்குத்தான் பாதிப்பு. யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு அடையாள அட்டை) எடுத்துட்டாங்களான்னு மட்டும் கேட்டு, இல்லன்னா விண்ணப்பிக்க உதவுங்க, அடுத்த படில எல்லாத்துக்கும் அதைத்தான் கேப்பாங்க.

காது கேட்காதவங்களுக்குப் போன் ஆகாது, எழுத்து மெசேஜும் பல பேருக்கு சிரமம், ஏன்னா அவங்க முதல் மொழி சைகை, எழுத்துத் தமிழ் ரெண்டாவது மொழி மாதிரி. சைகை தெரிஞ்ச ஒருத்தரை வெச்சு ஒரு நிமிஷ வீடியோ எடுத்து அனுப்புங்க, பதிலையும் வீடியோலயே வாங்குங்க. நாங்க முதல் தடவை நாலு பாரா மெசேஜ் அனுப்பினோம், எல்லாரும் கட்டை விரல் காட்டி பதில் போட்டாங்க, ஆனா தேதி யாருக்கும் புரியல. அது எங்க தப்பு.

4. மென்டர் தேடறது

பாதிக்கு மேல மென்டர்கள் மாற்றுத்திறனாளிகளாவே இருக்கணும், அதே மாவட்டத்துக்காரங்களா இருக்கணும். சென்னைல இருந்து பெரிய ஆள் வந்து பேசினா கேக்க நல்லாருக்கும், ஆனா நத்தத்துல இருந்து காலைல முதல் பஸ் புடிச்சு வேலைக்குப் போறது எப்படின்னு அவருக்குத் தெரியாது.

எங்க தேடறது? பேங்க் கிளை, அரசுப் பள்ளி, தாலுகா ஆபீஸ், தபால் ஆபீஸ், மில்லு, பிரிண்டிங் பிரஸ், மொபைல் சர்வீஸ் கடை, டெய்லர் கடை, இ-சேவை மையம். உங்க ஊர்லயே பார்வை இல்லாத ஒரு டீச்சர் நிச்சயம் இருப்பாங்க. ஒருத்தரைப் புடிச்சா அவர் இன்னும் மூணு பேரைச் சொல்வார்.

எல்லாரும் அரசு வேலைக்காரங்களாவே எடுத்துடாதீங்க. இது அடிக்கடி நடக்குது, பெத்தவங்களும் அதைத்தான் விரும்புவாங்க. பத்துல நாலு அரசு, மூணு தனியார், மூணு சொந்தத் தொழில்னு வைங்க. அரசு வேலை கிடைக்கிற வரைக்கும் வருஷக்கணக்குல சும்மா இருக்கிறதுதான் நிறைய பேருக்கு நடக்குது, தயாராகிட்டே கூட ஒரு வேலை பாக்கலாம்னு யாராவது வாழ்ந்து காட்டினாத்தான் நம்புவாங்க.

வர்ற மென்டர்களுக்கு பஸ் செலவும் ஒரு தொகையும் கொடுங்க. மாற்றுத்திறனாளி மென்டர்கள்கிட்ட "சமூகத்துக்காக வாங்க"ன்னு சும்மா கூப்பிடறதும், பிஸியோதெரபிஸ்டுக்கும் பேச்சாளருக்கும் கவர் கொடுக்கிறதும் பல இடத்துல பாத்துட்டேன், மனசு கஷ்டமா இருக்கும்.

5. இடம்: கூகுள் மேப்பை நம்பாதீங்க, டேப்பை நம்புங்க

வீல்சேர் பயன்படுத்துற ஒருத்தரோட நேர்ல போங்க. கேட்டுல இருந்து ஆரம்பிங்க.

ரேம்ப் இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. பல இடத்துல அது பைக் ஏத்தறதுக்கு போட்ட சிமெண்ட் சரிவு. கணக்கு 1:12, அதாவது ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அரை அடி படிக்கே 6 அடி ரேம்ப் வேணும். அதை விடச் செங்குத்தா இருந்தா ஒருத்தரா ஏற முடியாது, பின்னாடி இருந்து யாராவது தள்ளணும், இறங்கும்போது முன்னாடி சாயும். பலகை ரேம்ப் தயார் பண்றதா இருந்தா முந்தின நாளே போட்டு ஏறி இறங்கிப் பாத்துடுங்க.

அடுத்து டாய்லெட். ஒரு மண்டபத்துல எல்லாமே சரியா இருந்துச்சு, ரேம்ப், தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட் வரைக்கும். கூட வந்த அக்கா வீல்சேரோட கதவுகிட்ட போனாங்க, உள்ள போகல. டேப் வெச்சு அளந்தா கதவு 22 இன்ச், வீல்சேர் 25 இன்ச். மேனேஜர், "கொஞ்ச நேரம்தானேம்மா, யாராவது தூக்கி விட்டுடலாமே"ன்னார். அந்த அக்கா ஒண்ணும் சொல்லாம வண்டியைத் திருப்பிட்டாங்க. வெளில வந்தப்புறம் சொன்னாங்க, "எங்கயாவது போறதுன்னா முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவேன் தம்பி." அந்த மண்டபத்தை விட்டுட்டோம். நீங்களும் விட்டுடுங்க, கதவு 90 சென்டிமீட்டர் இருக்கணும், 80க்குக் கீழ இருந்தா பேச்சே வேணாம். கதவு உள்பக்கமா திறந்தாலும் சிக்கல், வீல்சேர் உள்ள போனப்புறம் சாத்த முடியாது.

இன்னும் மூணு விஷயம். வாசல்கிட்டயே இணைப்பு சக்கர ஸ்கூட்டர் நிறுத்த நிழலான இடம். ஹாலுக்குள்ள ஃபேன் சத்தமும் எதிரொலியும், ஏன்னா காதுக் கருவி போட்டவங்களுக்கு இரைச்சல் அப்படியே பெருசாகிக் கேக்கும். அப்புறம் வெளிச்சம். சைகை மொழி பெயர்ப்பாளர் ஜன்னலுக்கு முன்னாடி நின்னா பின்வெளிச்சத்துல கையும் முகமும் கருப்பாத்தான் தெரியும்.

பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஹால்கள் மண்டபத்தை விடப் பெரும்பாலும் நல்லாருக்கும், மேசை நாற்காலியும் கிடைக்கும். மண்டபம்தான் கிடைச்சுதுன்னா ஆடி மாசம் பாருங்க, காலியா இருக்கும், வாடகையும் குறைச்சுப் பேசலாம்.

6. தேதியும் பயணமும்

ஞாயித்துக்கிழமை நல்லது, ஆனா அன்னைக்கு டிஎன்பிஎஸ்சி, பேங்க், எஸ்எஸ்சி பரீட்சை எதாவது இருக்கான்னு பாத்துட்டு வைங்க, இல்லன்னா உங்களுக்கு வேண்டிய ஆளுங்க எல்லாம் பரீட்சை ஹால்ல இருப்பாங்க. முகூர்த்த நாள் வேணாம், பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையும் வேணாம். டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை வைக்கவே வைக்காதீங்க, அன்னைக்கு மாவட்டம் பூரா விழா, உங்களுக்கு வர வேண்டியவங்க வேற மேடைல இருப்பாங்க.

வெள்ளை போர்டு டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் கூட வர்ற உதவியாளர் ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல, இதை நோட்டீஸ்ல போடுங்க, கூட வர்றவருக்கும் உண்டுன்றது நிறைய பேருக்குத் தெரியல. ஆனா பஸ் ஸ்டாண்டுல இருந்து ஹாலுக்கு வர்ற கடைசி ரெண்டு கிலோமீட்டர்தான் ஆளை நிறுத்துறது. ரெண்டு மூணு ஆட்டோவை காலைலயும் சாயங்காலமும் பேசி வெச்சுடுங்க, டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லுங்க: பார்வை இல்லாதவங்க கையைப் புடிச்சு இழுக்கக் கூடாது, நம்ம முழங்கையை அவங்க புடிச்சுக்கட்டும்.

பத்தரைக்கு ஆரம்பிச்சு மூணரைக்கு முடிங்க. கிராமத்துல இருந்து வர்றவங்களுக்கு காலைல கிளம்பறதே ஒரு பெரிய வேலை, பொண்ணுங்க இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்.

7. சைகை மொழி, படிவம், மைக்

காது கேட்காதவங்க நாலு பேர் வந்தாக்கூட ரெண்டு பெயர்ப்பாளர் வேணும். கையும் மூளையும் ஒரே நேரத்துல வேலை செய்ற வேலை அது, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறலன்னா தப்பு வர ஆரம்பிக்கும். ஒரு மாசம் முன்னாடியே பேசிடுங்க, ஆள் ரொம்பக் கம்மி. பேச்சோட குறிப்பு, வேலைப் பேர்கள், ஆபீஸ் பேர்கள் எல்லாத்தையும் ரெண்டு நாள் முன்னாடி அவங்களுக்கு அனுப்பிடுங்க. வீட்டு ஆளையே பெயர்ப்பாளரா உக்கார வைக்காதீங்க, பையன் "எனக்கு மெஷின் வேலை வேணும்"னு கை காட்டுவான், அம்மா "அவனுக்கு கவர்மெண்ட் வேலைதான் வேணும்"னு மொழிபெயர்ப்பாங்க.

பார்வை இல்லாதவங்களுக்குக் கொடுக்கிறதை யூனிகோட் தமிழ்ல டைப் பண்ணி முந்தின நாளே வாட்ஸ்அப்ல அனுப்புங்க. போட்டோ எடுத்து அனுப்பின நோட்டீஸ், ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் இது எதையும் போன்ல இருக்கிற டாக்பேக்கோ கம்ப்யூட்டர்ல இருக்கிற என்விடிஏவோ (திரைல இருக்கிறதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள்கள்) ஒழுங்கா படிக்காது. பேசற ஒவ்வொருத்தரும் முதல்ல பேர் சொல்லிட்டுப் பேசணும். "இங்க பாருங்க, இதுல இருக்கு"ன்னு ஸ்லைடைக் காட்டக் கூடாது, என்ன இருக்குன்னு வாயால சொல்லணும்.

8. ஜோடி சேர்க்கிறது

இதுக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்க. ஒரு மென்டருக்கு ரெண்டு பேர், அதிகபட்சம் மூணு. நாலாவது ஆள் வந்தா அது வகுப்பா மாறிடும், ஒருத்தர் பேசுவார் மத்தவங்க கேட்டுட்டு இருப்பாங்க.

ஒரே வகை மாற்றுத்திறனா, ஒரே வேலையா, எதை வெச்சு சேர்க்கறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. எங்க அனுபவத்துல பார்வை, செவித்திறன் விஷயத்துல முதல்ல அதே வகை மென்டர், ஏன்னா அங்க கருவியும் மொழியும் முக்கியம். கை கால் பாதிப்புன்னா வேலைதான் முதல்ல.

ஏன் சொல்றேன்னா, பேங்க்ல கிளார்க்கா இருக்கிற பார்வை இல்லாத ஒரு மேடம் மென்டரா வந்திருந்தாங்க. அவங்க பக்கத்துல பி.ஏ. முடிச்ச பொண்ணு, அதுக்கும் பார்வை கிடையாது, கம்ப்யூட்டர் நமக்கு வராதுன்னு வீட்டுலயே முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. மேடம் அறிவுரை எதுவும் சொல்லல. போனை எடுத்து டாக்பேக்கை அவங்க தினமும் வெச்சிருக்கிற வேகத்துல ஓட விட்டாங்க. எங்க காதுக்கு அது சைக்கிள் செயின் சுத்தற சத்தம் மாதிரித்தான் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு தலையைச் சாய்ச்சு ரெண்டு நிமிஷம் கேட்டுச்சு, "அக்கா, இது உங்களுக்குப் புரியுதா?" "முதல்ல எனக்கும் புரியல, தினம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டினேன், நாலு மாசம் ஆச்சு." அப்புறம் வேகத்தைக் குறைச்சு அந்தப் பொண்ணு கைலயே போனைக் கொடுத்துட்டாங்க. பார்வை இருக்கிற எந்தக் கம்ப்யூட்டர் சாராலயும் அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுத்திருக்க முடியாது.

இளம் பெண்களுக்கு முடிஞ்ச வரைக்கும் பெண் மென்டர். எல்லா ஜோடியும் ஹாலுக்குள்ளயே, எல்லார் கண்ணுக்கும் தெரியற இடத்துல உக்காரணும். அப்புறமான பேச்சும் குழுவோட நம்பர் இருக்கிற மூணு பேர் குரூப்லதான். தனியா நம்பர் கொடுக்கிறது பங்கேற்பாளர் விருப்பம், மென்டர் கேட்டு வாங்கக் கூடாது.

9. மென்டர்களுக்கு ஒரு மணி நேரம்

நல்லா வேலை பாக்கிறவர் எல்லாம் நல்ல மென்டர் இல்ல. ஒரு வாரம் முன்னாடி எல்லாரையும் ஒரு வீடியோ காலுக்குக் கூப்பிடுங்க. சொல்ல வேண்டியது: "நான் கஷ்டப்பட்டேன், நீயும் கஷ்டப்படு"ன்னு பேசாதீங்க, "உன்னால முடியும்"னு சொல்லிட்டு விட்டுடாதீங்க, அடுத்து செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையைச் சொல்லுங்க. வேலை வாங்கித் தர்றேன்னு வாக்கு கொடுக்காதீங்க.

கீழ இருக்கிற விவரங்களை ஒரு பக்கத்துல போட்டு அவங்க கைல கொடுத்துடுங்க, அன்னைக்கு எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க.

அரசு வேலைல 4% இடஒதுக்கீடு, 40% இல்ல அதுக்கு மேல பாதிப்பு உள்ளவங்களுக்கு. பார்வைக்கு 1%, செவித்திறனுக்கு 1%, கை கால் பாதிப்பு மூளை முடக்குவாதம் குள்ளத்தன்மை ஆசிட் வீச்சு தசைச்சிதைவு தொழுநோய் குணமானவங்க எல்லாத்துக்கும் சேர்த்து 1%, ஆட்டிசம் அறிவுசார் குறைபாடு கற்றல் குறைபாடு மனநோய் பல்வகை பாதிப்புக்கு 1%. எந்தப் பணியிடம் எந்த வகைக்குப் பொருத்தம்னு அரசு பட்டியல் போட்டிருக்கு, விண்ணப்பிக்கும் முன்னாடி அதைப் பாக்கணும். தனியார்ல இடஒதுக்கீடு கிடையாது.

உயர்கல்வில 5% இடஒதுக்கீடு.

பரீட்சைக்கு எழுத உதவியாளர் வேணும்னா விண்ணப்பத்துலயே டிக் பண்ணணும், ஹால் டிக்கெட் வந்தப்புறம் கேட்டா பெரும்பாலும் நடக்காது. மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைப்படி ஒரு மணி நேரத்துக்கு குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல் நேரம்.

வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். நிறைய பேர் மறந்து சீனியாரிட்டியை விட்டுடறாங்க.

சொந்தத் தொழிலுக்கு பிஎம்இஜிபி திட்டத்துல (புதுத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோட வர்ற பேங்க் கடன்) மாற்றுத்திறனாளிகளுக்கு மொத்தச் செலவுல சொந்தப் பங்கு 5% போதும், மானியம் கிராமத்துல 35%, நகரத்துல 25%. வழி கேக்க மாவட்ட தொழில் மையம்.

10. கூட வர்ற அப்பா அம்மா

இவங்களை ஒதுக்கினா நிகழ்ச்சி முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் எல்லாம் நின்னுடும். கூடவே உக்கார வெச்சா பிள்ளைங்க வாயே திறக்காது. அதனால முதல் மணி நேரத்துலயே பெத்தவங்களுக்குத் தனி அறை, அங்க பேசறதுக்கு வேலைக்குப் போற ஒரு மாற்றுத்திறனாளியோட அம்மாவோ அப்பாவோ.

அந்த அறைல வர்ற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "வேலைக்குப் போனா மாசாமாசம் வர்ற உதவித்தொகை நின்னுடுமா?" ஏழைக் குடும்பத்துல நிச்சயமா வர்ற அந்தக் காசை விட்டுட்டு, ரெண்டு மாசத்துல நின்னுடலாம்ங்கிற வேலைக்கு அனுப்ப யோசிக்கத்தான் செய்வாங்க. அவங்க பயம் நியாயமானது. வாங்கற உதவித்தொகை எந்தத் திட்டத்துல வருதுன்னு பொறுத்து விதி மாறும், அதனால மாற்றுத்திறனாளி ஆபீஸ்ல இருந்து ஒருத்தரை அந்த அறைக்கு மட்டுமாவது வரச் சொல்லி, ஒவ்வொருத்தர் கார்டையும் பாத்து பதில் சொல்ல வைங்க. நீங்களா தைரியம் சொல்லாதீங்க.

ரெண்டாவது, பொண்ணை எப்படித் தனியா அனுப்பறது. இதுக்கு பதில் வாயால ஆகாது. அதே பஸ்ல தினமும் போற ஒரு பொண்ணை அறிமுகப்படுத்தினா ஆகும்.

11. அன்னைக்கு நாள் ஓட்டம்

மேடை போடாதீங்க. வட்டமா நாற்காலி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மேசை, மேசைகளுக்கு நடுவுல வீல்சேர் திரும்ப அஞ்சடி இடம்.

10:30 டீ, பதிவு. 11 மணிக்கு 15 நிமிஷ அறிமுகம், அதுல குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை எதுவும் வேணாம். அதிகாரி யாராவது வந்தே ஆகணும்னா மூணு மணிக்கு வரச் சொல்லுங்க. காலைல வந்தா அவர் லேட்டாகற நேரம் பூரா மென்டர் நேரத்துல இருந்துதான் போகும், ஒரு தடவை ஒண்ணேகால் மணி நேரம் போச்சு. 11:15ல இருந்து 12:45 வரை ஜோடிப் பேச்சு. சாப்பாடு மேசைக்கே வரணும், பஃபே வேணாம், தட்டைக் கைல புடிச்சுட்டு வரிசைல நிக்க முடியாதவங்கதான் இங்க அதிகம். 1:45ல இருந்து 2:45 வரை செஞ்சு பாக்கிறது: விண்ணப்பம் ஒண்ணு நிரப்பறது, பயோடேட்டா சொந்தமா எழுதறது, இன்டர்வியூ ஒத்திகை. அதுல ஒரு கேள்வியை எல்லாரும் பழகணும், "உங்களால இந்த வேலை எப்படிச் செய்ய முடியும்?" இதுக்கு கோவமோ கெஞ்சலோ இல்லாம, எனக்கு இது இது இருந்தா இவ்வளவு செய்வேன்னு சொல்லத் தெரியணும். ஒருத்தர் மூணு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பாக்கட்டும்.

கடைசி அரை மணி நேரம் ஒரு துண்டு காகிதம், இல்லன்னா வாய்ஸ் மெசேஜ். அதுல மூணே வரி: அடுத்த 15 நாள்ல நான் செய்யப்போறது என்ன, யார்கிட்ட உதவி கேப்பேன், மென்டர் என்ன செய்றேன்னு சொன்னார். அதை போட்டோவோ ஆடியோவோ எடுத்து நம்ம சிம்முக்கு அனுப்பச் சொல்லுங்க.

போட்டோவுக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயால கேட்டு அனுமதி வாங்குங்க. கால் தெரியற மாதிரி நில்லுங்கன்னு சொல்ற போட்டோகிராபரை அடுத்த தடவை கூப்பிடாதீங்க.

12. அடுத்த 90 நாள்

8 வாரம் உழைச்ச களைப்புல எல்லாரும் இதை விட்டுடறாங்க, ஆனா பலன் வர்றது இங்கதான். முன்னாடியே நாலு தேதியை காலண்டர்ல குறிச்சு, யார் பேசறதுன்னு பேரும் எழுதிடுங்க: 3வது நாள், 15வது நாள், 45வது நாள், 90வது நாள்.

3வது நாள் கேக்க வேண்டியது ஒண்ணுதான், வீட்டுக்குப் போனதும் யார் என்ன சொன்னாங்க. 15வது நாள் அந்த மூணு வரியை எடுத்து வெச்சுட்டுப் பேசுங்க. பாதிப் பேர் செஞ்சிருக்க மாட்டாங்க, திட்டாதீங்க, எதுல நின்னுச்சுன்னு கேளுங்க. பெரும்பாலும் ரொம்பச் சின்ன விஷயமா இருக்கும், ஆதார்ல போன் நம்பர் இல்ல, ஓடிபி வரல, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இல்ல, இ-சேவை மையம் மாடில இருக்கு. அதை அங்கயே தீர்த்து விடுங்க. 45வது நாள் மென்டர்கிட்டயும் தனியா பேசுங்க, ஜோடி ஒத்துவரலன்னா சங்கடப்படாம மாத்திடுங்க.

90வது நாள் எழுதி வைக்க வேண்டியது: விண்ணப்பம் போட்டவங்க, இன்டர்வியூ போனவங்க, வேலைல சேர்ந்தவங்க, சேர்ந்து விட்டவங்க, விட்ட காரணம். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் கவனமா கேளுங்க. எங்ககிட்ட ஒரு மில்லுல சேர்ந்து மூணாவது வாரம் நின்ன பையன், காது கேட்காது, வேலை புடிச்சுதான் இருந்துச்சு. ஷிஃப்ட் மாத்தினதை மைக்ல சொல்லியிருக்காங்க, அவனுக்கு யாரும் சொல்லல, ரெண்டு நாள் தப்பான நேரத்துக்குப் போய் திட்டு வாங்கியிருக்கான். எங்க ஆள் போய் ஹெச்.ஆர். கிட்ட பேசி, ஷிஃப்ட் லிஸ்டை வாட்ஸ்அப்ல போட வெச்சாரு. அடுத்த திங்கக்கிழமை காலை ஷிஃப்டுக்கு அவன் திரும்பப் போயிட்டான்.